இருமல் நீக்கிய குரல்கள்

ஊரிகம் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி, தகரக் கூரை போட்ட இரண்டு அறைகளில் ஒரு அருங்காட்சியகம் நடத்திவருகிறேன். ஊர் வாயில் அது மியூசியம். நான் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன்; இங்கிருந்த தங்கச் சுரங்கத்துக்குள் ஒரு நாள்கூட வேலைக்கு இறங்கியதில்லை. முன்னறையில் ஹெல்மெட்டுகள், கார்பைடு விளக்குகள், பாறையில் துளை போடும் மிஷின், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் எழுதிய எச்சரிக்கைப் பலகை என்று இருக்கும். பின்னறையில் ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன். சுவரில் மாட்டிய போட்டோக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அந்த மனிதர் பூமிக்கடியில் தான் செய்த வேலையைப் பற்றிப் பேசுவார். அந்தப் பின்னறையில் நான் செய்த ஒரு காரியத்தையும், பிறகு ஒரு வீட்டு வாசலில் செய்யாமல் விட்டதையும் எழுதிவிட வேண்டும் என்று இருக்கிறது.

குரல்களைப் பதிவு செய்தது நான்தான். சுரங்கத்தை மூடி வெகு காலம் ஆகியிருந்தது. தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் மிச்சமிருந்த கிழவர்களைத் தேடித் தேடிப் போனேன். பெரும்பாலோர் நுரையீரலில் கல்தூசி படிந்தவர்கள். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல அவர்களால் முடியாது. "கேஜ் கீழ எறங்குச்சின்னா..." என்று, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டைப் பற்றி ஆரம்பிப்பார்கள். இருமல் வரும். சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவார்கள். மூச்சு திரும்ப வரும்வரை நான் ரெக்கார்டரைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு, "...காது அடச்சிக்கும்" என்று விட்ட இடத்திலிருந்து முடிப்பார்கள்.

ஆரம்பத்தில் அப்படியேதான் வைத்திருந்தேன். ஒருநாள் பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில், அந்த அம்மாள் பாதியில் ஹெட்போனைக் கழற்றி, கைக்குட்டையால் காதைத் துடைத்தாள். எதுவோ உள்ளே போய்விட்டது போல. "பாவம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வேலை தெரிந்த மனிதர்கள் நோயாளிகளாக மட்டும் கேட்கிறார்களே, அவர்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம் என்னைப் பற்றியது. என் மியூசியத்தில் ஒருத்தி காதைத் துடைத்துவிட்டாளே என்பதுதான்.

ராபர்ட்சன்பேட்டையில் மொபைல் கடை வைத்திருந்த ஒருவரிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இருமலெல்லாம் தூக்கிடலாம் சார், ஈஸி. மூச்சு வாங்கறது கீதே, அதுவும் தூக்கட்டா?"

"தூக்கு."

"ஒரிஜினல் வெச்சிக்கவா சார்? மெமரி ஃபுல்லா கீது."

"வேண்டாம். அழிச்சிடு."

திரும்பி வந்த குரல்கள் சுத்தமாக இருந்தன. அத்தனை பேரும் ரேடியோவில் பேசுகிறவர்களைப் போல, தடங்கலில்லாமல் பேசினார்கள். பள்ளிப் பிள்ளைகள் பொறுமையாகக் கேட்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. போட்டோவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள்.

அப்புறம் ஒருநாள் ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலைக்குத் தினமும் ரயிலில் போய்வருகிறவள், அம்மாவைப் பார்த்துக்கொள்ள நீண்ட லீவு போட்டிருந்தாள். அவளுடைய அப்பாவின் குரல் எங்களிடம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். கொஞ்ச நேரத்தில் ஹெட்போனைக் கையில் எடுத்து, அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா சார் இது? பேச்சு அவுரு பேச்சுதான். ஆனா எங்கப்பா இப்படி ஒரேடியா பேசி நான் கேட்டதே இல்ல. இருமல் எங்க சார்?"

அவளே சொல்லிக்கொண்டு போனாள். அவளுடைய அம்மா ஸ்கெலட்டன் என்கிற லைனில், பழைய வீட்டில், கண் தெரியாமல் படுத்த படுக்கையாக இருக்கிறாள். டாக்டர் நாள் குறிக்காத குறையாகச் சொல்லிவிட்டார். செத்துப்போன புருஷனை நாளெல்லாம் தேடுகிறாள். ஷிப்ட் விட்டாச்சா, இன்னும் வரலியா என்று அதே கேள்வி. அந்த மனிதர் லைன் முனையில் வரும்போதே இருமுவாராம். அந்தச் சத்தம் கேட்டுத்தான் அம்மா அடுப்பில் தண்ணீர் வைப்பாளாம்.

"ஒரு தபா அந்த இருமல கேட்டுட்டா அம்மா நிம்மதியா போயிடுவாங்க சார். பழசு கீதா உங்ககிட்ட?"

"கம்ப்யூட்டர்ல போயிடுச்சும்மா" என்றேன். அழிக்கச் சொன்னது நான் என்று சொல்லவில்லை.

அன்று அவள் போன பிறகு எல்லாப் பதிவுகளையும் உட்கார்ந்து கேட்டேன். எங்காவது ஒரு இருமல் தப்பியிருக்காதா என்று. கடைக்காரர் நன்றாக வேலை தெரிந்தவர். ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் வெட்டிய இடங்கள் எனக்குத் தெரிய ஆரம்பித்தன. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் ஒரு கணம், அறைக் கதவை யாரோ சாத்தியது போல, காற்று நின்றுவிடும். மற்றவர்களுக்குக் கேட்காது. எனக்கு ஒவ்வொன்றும் கேட்கும். பிறகு மத்தியானங்களில், யாரும் வராத நேரத்தில், ஹெட்போன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே பின்னறையிலிருந்து இருமல் கேட்கத் தொடங்கியது. எழுந்து போய்ப் பார்ப்பேன். நாற்காலி இருக்கும். போட்டோக்கள் இருக்கும். திரும்பி வந்து முன்னறையில் உட்கார்ந்தால் வேறொரு தொண்டையிலிருந்து கேட்கும். யார் யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. அத்தனை பேர் எதிரிலும் உட்கார்ந்திருந்தவன் அல்லவா நான்.

இருக்கிறதையாவது கேட்கட்டும் என்று ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு ஸ்கெலட்டனுக்குப் போனேன். ஒரே அறை. கதவுக்கு நேராகக் கட்டில். சுவரில் புத்தர் படம், பக்கத்தில் அந்த மனிதரின் போட்டோ. மகள் அம்மாவின் காதருகே ஸ்பீக்கரை வைத்தாள். கிழவி கூர்ந்து கேட்டாள்.

"யாருடி இது? யூனியன் ஆளா? நல்லா பேசறாரு. உக்கார சொல்லு. டீ குடு."

"அம்மா, அப்பாதாம்மா."

"உங்கப்பனா? போடி. அந்தாளு ஒரு பேச்சு முடிக்கறதுக்குள்ள என் சோறு வெந்துடும்."

மகள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். புருஷனின் குரல் தன் மனைவியின் காதருகில், அந்நியரைப் போல, வெடி வைக்கிற முறையை விளக்கிக்கொண்டிருந்தது. கிழவி மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் ஸ்பீக்கரை நிறுத்தி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

காற்றுக் காலம். தங்கம் எடுத்த பிறகு கொட்டி வைத்த கழிவு மண், சயனைடு மேடு என்போம், அதிலிருந்து வெள்ளைத் தூசி லைன் முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. அது தொண்டையில் போக, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நன்றாக இருமினேன்.

உள்ளேயிருந்து ஒரு குரல். அதே கிழவிதான், ஆனால் குரல் இளசாக இருந்தது.

"வந்துட்டியாயா? ஏ புள்ள, தண்ணி வெய்டி. உங்கப்பன் வந்துட்டான்."

மகள் வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது.

"சார், இன்னொரு தபா."

முதல் இருமல் தூசியால் வந்தது. இரண்டாவதை நான் இருமினேன்.

மறுநாளும் போனேன். முன்பு பகல் ஷிப்ட் விட்ட நேரத்துக்கு லைன் முனையிலிருந்தே இருமிக்கொண்டு வந்து, வாசலில் நின்று ஒருமுறை இருமிவிட்டுத் திரும்பிவிட்டேன். "எங்கப்பா மாதிரி இல்லவே இல்ல சார்" என்றாள் மகள். "ஆனா அம்மாவுக்கு ஆச்சு. கஞ்சி குடிச்சாங்க." தினமும் போக ஆரம்பித்தேன். கிழவி உள்ளேயிருந்து பேசுவாள். மெதுவா வாய்யா, எவன் தொரத்துறான் உன்ன. துண்டு கொடில கீது பாரு. அவை எனக்கான சொற்கள் இல்லை. நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் மியூசியத்தின் பின்னறையில் சத்தம் கேட்கவில்லை. கணக்கு நேராகிவிட்டது என்றுகூட நினைத்தேன்.

எதிர் வீட்டு வாசலில் கட்டில் போட்டு நாலைந்து பேர் சீட்டாடுவார்கள். அந்த வீட்டுக்காரர், சுரங்கத்தில் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர், முதல் இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார். அப்புறம் ஆரம்பித்தார்.

"இன்னா சார், மியூசியத்துல கூட்டம் இல்லன்னு வீட்டு வீட்டுக்கு சப்ளையா?"

"அட உடுங்கண்ணே, காலேஜ் வாத்தியாரு. படிச்ச இருமல் அது" என்றார் இன்னொருவர்.

கெட்ட மனிதர்கள் இல்லை. மகள் இல்லாத நேரத்தில் கிழவிக்குத் தண்ணீர் கொடுப்பவர்கள் அவர்கள்தான். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அந்தச் சிரிப்பை வீடுவரை சுமந்துகொண்டு போவேன்.

ஒரு சாயங்காலம் வாசலில் நின்று இருமினேன். கிழவி முகத்தை வாசல் பக்கம் திருப்பியிருந்தாள். மகள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள வாய்யா" என்றாள் கிழவி.

நான் நின்றேன்.

"நான்தானே உன்ன வெளிய படுக்க சொன்னேன். புள்ளைங்க தூங்கட்டும், நீ அங்க போய் இருமுன்னு சொன்னேன். பனில படுத்தா இன்னும் ஜாஸ்தியாவும்னு தெரிஞ்சிதான் சொன்னேன். தப்புதான்யா. இன்னாத்துக்கு இன்னும் வெளிய நிக்கிற? வா."

போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினாள். விரல்கள் விரிந்திருந்தன. மகள் என்னைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எனக்குப் பின்னால் சீட்டு போடுகிற சத்தம் நின்றது.

"கூப்புடறாங்க சார், போங்க!" என்றார் எதிர் வீட்டுக்காரர். "புது மாப்ள, வெக்கப்படாதீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் விசிலடித்தார். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். திரும்பி நடந்தேன். லைன் முனையைத் தாண்டும்வரை வேகத்தைக் குறைக்கவில்லை.

மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மியூசியத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் வருகிறது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பின்னறையில் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் கிழவி இறந்துபோன செய்தி வந்தது.

சாவு வீட்டில் எதிர் வீட்டுக்காரர்தான் பந்தல் வேலையெல்லாம் பார்த்தார். எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அழுது முகம் வீங்கியிருந்தார். அன்று சிரித்தது அவருக்கு ஞாபகம் இருந்ததா, தெரியவில்லை. கேட்கவும் என்னால் முடியவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு மகளிடம் கேட்டேன். கடைசியில் ஏதாவது பேசினாளா என்று.

"ஒண்ணும் பேசல சார். நீட்டின கைய மடக்கவே இல்ல, நான்தான் எடுத்து உள்ள வெச்சேன். அப்புறம் காலைல ஒரு வாட்டி சொன்னாங்க. 'அந்தாளுக்கு என்மேல கோவம் இன்னும் போவலடி. உள்ள வரமாட்டேன்னுட்டான்.' அவ்ளோதான். அப்புறம் கஞ்சி வேணாம்னுட்டாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க சார்" என்றாள். "உள்ள வந்து பேசினா குரல்ல தெரிஞ்சிடுமே. அதான வரல? நல்லதுதான் பண்ணீங்க."

ஆமாம் என்று சொன்னேன்.

அவளாகக் கொடுத்த காரணம் அது. நான் வாங்கிக்கொண்டேன். பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கண் தெரியாதவள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அந்தக் கையைப் பிடித்திருந்தால் போதும். வேண்டுமானால் ஒருமுறை இருமியிருக்கலாம். நாலு பேர் சீட்டாடிக்கொண்டு சிரித்தார்கள், அவர்கள் முன்னால் நான் பைத்தியக்காரனாகத் தெரிந்துவிடுவேனோ என்று பயந்தேன். வேறு எதுவும் இல்லை. நான் அந்த வாசலுக்கே போகாமல் இருந்திருந்தால், புருஷன் இன்னும் ஷிப்டிலிருந்து வரவில்லை என்று காத்துக்கொண்டே போயிருப்பாள். நான் போனதால், வந்தும் மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போனாள்.

மகள் மறுபடி வேலைக்குப் போகிறாள். காலை ரயிலுக்கு மியூசியத்தைத் தாண்டித்தான் நடக்கிறாள். கதவு திறந்திருந்தால் "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போவாள். பதிவுகளை அழிக்கச் சொன்னது நான் என்பதையும், அன்று ஏன் திரும்பிப் போனேன் என்பதையும் அவளிடம் சொல்ல ஒவ்வொரு காலையும் எழுந்து வாசல்வரை வருகிறேன். "போய்ட்டு வாம்மா" என்பதற்கு மேல் வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதினேன். அவளுக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும்.