எட்டில் ஏழு மணல்

தாதர் கடற்கரையில் இன்று காலை, தண்ணீர் வடிந்த மணலைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டிருந்தேன். அலை விட்டுப்போன வரிகள், வளையைச் சுற்றி நண்டு உருட்டிப்போட்ட மணலுருண்டைகள். நாற்பது படம் ஆகிவிட்டது. ஏன் என்று கேட்க யாருமில்லை.

அறுபதுகளில் ஒரு மார்கழிக் காலையில் அக்கா இதே மணலில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயது. காலேஜை நிறுத்தியாகிவிட்டது. திருச்சி வரனுக்குப் படம் அனுப்ப, அப்பா ஆபீஸ் நண்பரிடம் பாக்ஸ் கேமராவை இரவல் வாங்கி, மாதுங்காவிலிருந்து எங்கள் இருவரையும் கூட்டிவந்திருந்தார். ஃபிலிமில் எட்டுப் படம்தான். ஒன்று எடுத்ததுமே தெரிந்தவர் யாரோ கூப்பிட, கேமராவை அக்கா மடியில் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா குனிந்து மணலைப் படமெடுக்க ஆரம்பித்தாள்.

"அப்பா திட்டுவார்க்கா," என்றேன்.

"ஃபிலிம் தீர்ந்துடுத்துன்னா என்னை எடுக்க முடியாதோன்னோ?"

அவள் ஏழும் தீரும்வரை நிமிரவில்லை.

படங்களைக் கழுவி வாங்கிவந்த அன்று, அப்பா கத்தப்போகிறார் என்று நாங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றோம். அவர் மணல் படங்களை ஒவ்வொன்றாக ஒதுக்கினார். கடைசியில் அக்காவின் படம் வந்தது. அழகாகத்தான் இருந்தாள்.

"ஒண்ணு போறும்டி," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு இன்றும் கோபம்.

மாசியில் கல்யாணம். மணல் படங்களை எடுத்துப்போகட்டுமா என்று அக்கா கேட்டாள். பெட்டியில் இடமில்லை என்றாள் அம்மா.

ஏழும் என்னிடம்தான் இருக்கின்றன. இன்று நாற்பது எடுத்தும் கை நிற்கவில்லை.