வயிற்றிலிருந்து வந்த புறங்கை

உக்கடத்து பேக்கரி ஒன்றில் பதினெட்டு வருஷமாக அடுப்பு மாஸ்டராக இருந்த கலீல் ரஹ்மானின் வலது கை, மூன்று வாரம் அவருடைய வயிற்றோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. பொள்ளாச்சி ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கியதில் புறங்கைத் தோல் முழுக்க உரிந்துபோயிருந்தது. எலும்பு தெரிந்த இடத்தை மூட, அடிவயிற்றுத் தோலைக் கொழுப்போடு கிளப்பி, ஒரு ஓரத்தை வயிற்றிலேயே விட்டு, கையின்மேல் போர்த்தித் தைத்தார்கள். போர்த்திய தோலுக்குக் கையிலிருந்தே ரத்த ஓட்டம் பிடித்த பிறகுதான் வயிற்றிலிருந்து பிரித்தார்கள்.

கை பிழைத்தது. விரல்களும் மடங்கின. ஆனால் புறங்கையில் இரண்டு விரல்கடை உயரத்துக்குக் கொழுப்பு மேடு. அடுப்புக்குப் போடும் தடித்த கையுறை பாதியிலேயே சிக்கிக்கொண்டது. கையுறையில்லாமல் அடுப்பை நெருங்கவும் முடியாது, அந்தத் தோலுக்கு உணர்ச்சியே கிடையாது. வீட்டில் டீ ஆவி பட்டுக் கொப்புளம் கிளம்பியதையே மனைவி ரம்ஜான் பீவி சொல்லித்தான் பார்த்தார்.

வேலையில்லாமல் உட்கார்ந்த ஒரு வருஷத்தில் ஒன்பது கிலோ ஏறினார்.

"ஏனுங்க, உங்க தொப்பையோட சேந்து கையும் பெருக்குதுங்க!" என்றாள் பீவி.

அவர் சிரித்தார். கையைக் காட்டப் போன இடத்தில் அதைச் சொன்னபோது, ஆர்.எஸ்.புரம் தோல் டாக்டர் பிரவீனா சிரிக்கவில்லை.

"அவங்க சொல்றது நெசந்தானுங்க. எடம் மாறுனாலும் அது வயித்துக் கொழுப்புத்தான். நீங்க பெருத்தா அதும் பெருக்கும்."

கலீலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கை வயிற்றை விட்டுப் பிரிந்து ஒரு வருஷம் ஆகிறது. தான் எங்கிருந்து வந்தோம் என்பதை அந்தச் சதை இன்னும் மறக்கவில்லை!

"இன்னொருக்கா கத்தி மட்டும் வேண்டாமுங்க டாக்டரம்மா."

"அப்பக் குளுர வெச்சுப் பாக்கலாமுங்க. தோல் தாங்குற குளுரக் கொழுப்பு தாங்காது, செத்துப்போயிரும். ஆனா முழுசாக் கொறையும்னு வாக்குக் குடுக்க மாட்டேன்."

தோலைக் காக்க மேட்டின்மேல் பசை தடவிய துணியை விரித்து, குளிரூட்டும் இயந்திரத்தின் கிண்ணத்தைக் கவிழ்த்தார்கள். அது சதையை உள்ளே உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. அந்தத் தோலில் குளிரோ வலியோ அவருக்கு உறைக்காது என்பதால் டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். முக்கால் மணி நேரம் கழித்துக் கிண்ணத்தை எடுத்தபோது சதை கிண்ணத்தின் வடிவத்திலேயே விறைத்து நின்றது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய்க்கட்டி போல. ஆயுசெல்லாம் மாவு பிசைந்த கையை டாக்டர் பிசைந்து இளக்குவதை அவர் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளுத்திருந்த தோல் மெல்லச் சிவந்த பிறகே அவரை அனுப்பினார் டாக்டர்.

ஒரு மாதம் வரை ஒன்றும் நடக்கவில்லை. கலீல் நம்பிக்கையிழந்துவிட்டார். ஆறாவது வாரம் தோலில் சுருக்கம் விழுந்தது. மூன்றாம் மாதம் மறுபடியும் ஒருமுறை குளிர வைத்தார்கள். அதன்பின் வந்த மழைக்காலத்தில் கையுறை மணிக்கட்டு வரை ஏறியது. பேக்கரிக்குத் திரும்பினார். உடம்பு பெருக்கக்கூடாதென்று நடந்தே போனார்.

"அந்தக் கொழுப்பெல்லாம் எங்கீங்க போச்சு?" என்று டாக்டரிடம் கடைசியாகப் போனபோது கேட்டார்.

"உங்க உடம்பே கொஞ்சங்கொஞ்சமா எடுத்துக்கிச்சுங்க."

வீட்டுக்கு வந்து விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார். ஒரு மேடு லேசாக மிச்சமிருந்தது. அதைத் தாண்டி, தோலுக்கடியில் நாலு நரம்புகள் கம்பி மாதிரி எழுந்து எழுந்து அடங்கின.

"பீவி, இங்க வா, வந்து பாரு" என்று கூப்பிட்டார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள்.

"மறுக்கா மடக்குங்க" என்றாள்.