களப்பைத் தாண்டி வந்த கோடுகள்

எங்கள் ஊர் எத்தாளையில் நல்ல சிக்னல் வேண்டுமென்றால் எல்லோரும் உப்புநீர்க் களப்புக் கரைக்குத்தான் போவார்கள். அங்கே கைபேசியில் கோடுகள் முழுதாய் நிற்கும். என் மூத்த சகோதரி ராத்தாவும் தன் இணையவழி உரைபெயர்ப்பாளர் வேலைப் பரீட்சைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு அங்கேதான் போய் உட்கார்ந்தாள். பரீட்சகர் கொழும்பிலிருந்து ஒரு சிங்களக் கூட்டத்தின் காணொளியை ஓடவிடுவார். கேட்கக் கேட்க அவள் தமிழில் சொல்ல வேண்டும். இரண்டு பகுதி.

முதற்பகுதியிலேயே படம் உறைந்தது. பேசியவரின் வாய் திறந்தபடி நின்றது. ராத்தா பாதி வாக்கியத்தில் தொங்கினாள். படம் மீண்டும் அசைந்தபோது வேறொருவர் பேசிக்கொண்டிருந்தார்.

இடைவேளை விட்டதும் என் பக்கம் திரும்பினாள்.

"கோடு முழுக்க நிக்குதேடா!"

"ராத்தா, அது அக்கரை டவர். எழும்புங்க, நம்மட வெங்காயத் தோட்டத்துக்குள்ள போவம். அங்க பக்கத்துலயே டவர் இருக்கு."

"உன்ட விசர்க்கதைய இப்பயா எடுக்கிறாய்?"

ஓடிக்கொண்டே சொன்னேன். கோடு காட்டுவது ஒரு அலைவரிசையின் பலத்தை மட்டும்தான். தாழ்ந்த அலைவரிசை தண்ணீரைத் தாண்டித் தூரம் வரும். உயர்ந்தது வழியிலேயே தேய்ந்துவிடும். பக்கத்து டவரென்றால் இரண்டும் தேயாமல் வந்து சேரும். கைபேசி இரண்டு வழியாலும் வாங்கி ஒன்றாய்ச் சேர்த்துக்கொள்ளும். வேகம் அந்தச் சேர்க்கையில்தான்.

இதையெல்லாம் நான் இணையத்தில் படித்திருந்தேன். இந்தத் தோட்டத்தில் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை. அதை மட்டும் சொல்லவில்லை.

வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே நின்றோம்.

"ரெண்டு கோடுதான்டா! என்ட வேலைய நாசமாக்கிட்டாய்."

கைபேசியில் வெறும் 4G. பரீட்சகர் திரும்பி வந்துவிட்டார். காணொளி தொடங்கியதும் அந்த 4G-க்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூட்டல் குறி முளைத்தது: இரண்டு அலைவரிசைகளும் சேர்ந்துவிட்டன.

படம் ஓடியது. நீர்வழங்கல் பற்றிய வாக்குவாதம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ராத்தா கண்ணை மூடிக்கொண்டு இருவர் பேச்சையும் தமிழில் கத்தினாள். எங்குமே இணைப்பு அறவில்லை.

முடிந்ததும் பரீட்சகர் சிங்களத்தில் கேட்டார்: முதற்பகுதி இடைக்கிடை அறுந்ததே, தினமும் இப்படியா?

இங்கே அறாதுதானே என்பதுபோல் ராத்தா என்னைப் பார்த்தாள். தலையாட்டப் பயமாயிருந்தது, ஆட்டினேன்.

"இல்ல சேர், இடம் மாறிட்டேன். இனி அறாது," என்று சிங்களத்தில் அடித்துச் சொன்னாள்.

ஒரு மாதம் தற்காலிகமாக வேலையில் வைத்துப் பார்ப்போம் என்றார் அவர்.

அழைப்பு முடிந்தது.

"ஒரு மாசமும் இந்த வெங்காயத்துக்குள்ளயா குந்தியிருக்கச் சொல்றாய்?"

நான் பாத்தியோரப் பம்ப் கொட்டிலுக்குள் அவள் உட்காரக் கதிரை போட இடமிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.