பழைய பதிப்பின்படி நலம்

ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லால் கவ்வி இடது கையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, லேப் டெக்னீஷியன் தன் ரத்தத்தைத் தானே எடுத்துக்கொண்டிருக்கிறார். காலை ஏழு மணி, வெறும் வயிறு. ஆஸ்பத்திரி லேபில் முதல் போணி எப்போதும் அவருடையதுதான். மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத்தானாம். இருபத்தாறு வருடங்களில் மெஷின் மூன்று முறை மாறிவிட்டது. அது கண்விழிக்கும் ரத்தம் மட்டும் மாறவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் 'பக்கம்'. எதைக் கேட்டாலும் ரத்தப் பரிசோதனைப் பாடப்புத்தகத்தின் பக்க எண்ணோடு பதில் சொல்கிற வியாதி. பெரிய டாக்டரே போனில் சந்தேகம் கேட்டாலும், "புதுப் பதிப்பு, நானூத்திப் பன்னெண்டாம் பக்கம், கீழேர்ந்து மூணாவது வரி. பாத்துட்டுக் கூப்பிடுங்க சார்" என்று வைத்துவிடுவார். டாக்டர் புரட்டிப் பார்ப்பார். வரி அங்கேயே இருக்கும். அதுதான் டாக்டருக்குத் தாங்காது.

அந்தப் புதுப் பதிப்பு ஆறு மாதக் குழந்தையின் கனம். பழுப்பு அட்டை போட்டிருக்கிறார். கை கழுவாமல் யாரும் தொடக்கூடாது. நோயாளியின் அளவு அதில் கண்ட எல்லையை ஒரு புள்ளி தாண்டினாலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிடுவார். கெஞ்சிப் பயனில்லை. "புஸ்தகம் யாருக்கும் மாமன் மச்சான் இல்ல."

அவருக்கு மட்டும் உண்டு. அந்த மச்சான் மேஜை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறான்: அவர் படித்த காலத்துப் பழைய பதிப்பு. முதுகில் பிளாஸ்திரி, ஓரமெல்லாம் ஊதாச் சாயக் கறை. புதியதில் வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்றிருபத்தாறைத் தொட்டாலே நோய். பழையதிலோ நூற்று நாற்பது வரை கவலையில்லை. நம்மவருடையது நூற்று முப்பத்தெட்டு. ஆகவே ஊருக்குப் புதுப் பதிப்பு, தனக்குப் பழையது என்று ஏற்பாடு. வலது கால் பெருவிரல் இரண்டு மாதமாக மரத்துப்போவதற்குக் காரணம் செருப்பு. அந்தக் குற்றத்துக்காக இரண்டு ஜோடிச் செருப்புகளை வேலையை விட்டு நீக்கியாயிற்று.

"கல்யாண போட்டோவப் பாத்துட்டு எனக்குத் தொப்பையே இல்லேங்கிற ஆளும்மா இது" என்று அவர் மனைவி ஒருநாள் லேபுக்குப் போன் செய்து புலம்பினார். எடுத்தவள், பன்னிரண்டு வருடமாக அவரோடு ஒரே பெஞ்சில் வேலை பார்க்கிறவள். விரல் கதையும் அப்போதுதான் அவளுக்குத் தெரியவந்தது.

மறுநாள் காலை, மெஷினில் பார்த்து முடித்த அவருடைய சோதனைக் குழாயில் அவள் ஏதோ ஒரு நோயாளி எண்ணை ஒட்டி, மற்ற நோயாளிகளின் குழாய்களோடு நிறுத்திவிட்டாள். முடிவுகள் வந்தன. 'பக்கம்' சிவப்புப் பேனாவை எடுத்து நூற்று முப்பத்தெட்டைச் சுற்றி ஆசை தீர வட்டம் போட்டார்.

"இது சர்க்கரைதான், சந்தேகமே இல்ல. இன்னொரு நாளும் பாத்து உறுதி பண்ணச் சொல்லு."

"அவரு தெனமும் பாக்குறாருண்ணே."

"தெனமும் பாத்துட்டுச் சும்மாவா இருக்கான்? படிக்காத ஜென்மம் போல. கால் மரத்துப்போகுதான்னு கேளு, முதல்ல."

அவள் சிரிக்கவில்லை. "மரத்துப்போகுதாண்ணே?" என்று அவரிடமே கேட்டாள்.

'பக்கம்' குழாயைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கை தானாக இழுப்பறைச் சாவிக்குப் போய், பாதியில் நின்றது.

அவள் அடுத்த குழாயை எடுக்கிற சாக்கில் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். அவர் மெல்லக் குனிந்து வலது செருப்பைக் கழற்றினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, சிவப்புப் பேனாவின் முனையால் பெருவிரலில் ஒரு குத்துக் குத்தினார். சற்றுப் பொறுத்து, இன்னும் அழுத்தி, இன்னொன்று.