முழங்கால் நோ என்று நான் சொன்னது

செய்தியை என் மகள் வாணிதான் சொன்னாள். ஃப்ரிபூர்க்கிலிருந்து போன் எடுத்தவள், வாய் திறக்க முதலே அழுதாள். "அப்பா, புவனா மிசி விடியப்புறம் போயிட்டா. ஒரு நோய் வருத்தமும் இல்லாத மனுசி, திடீரெண்டு..." நான் "ஓம்" என்றேன். தேத்தண்ணிக்குக் கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தேன். அன்று முழுக்க எடுத்தவர்கள் எல்லோரும் திடீரென்று, திடீரென்று என்றே சொன்னார்கள். நான் ஒருவன்தான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. எனக்குக் கார்த்திகை மாதமே தெரியும்.

முப்பத்தோராம் நாள் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்தில் போட நாலு வார்த்தை சொல்லுங்கோ என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல வாணி எழுதுகிறாள். புகழ்ந்து சொல்ல இந்தக் கல்வெட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் நடந்ததைச் சொல்லுகிறேன்.

தாதிமாரை ஊரில் மிசி என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வருசம் வெள்ளை உடுப்புப் போட்டவவிடம், உன் சான்றிதழ் இங்கே சுவிஸில் செல்லாது என்று சொன்னார்கள். முதியோர் இல்லத்தில் கிழடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டே டொச் மொழி படித்து, மறுபடியும் பரீட்சை எழுதித் தாதியானா. பென்சன் எடுத்த பிறகும் வீட்டில் இருக்கவில்லை. சனிக்கிழமை என்றால் பேர்ண் கோயில் மண்டபத்து மூலையில் அவவின் மேசை இருக்கும். பிரசர் அளப்பா, ஆஸ்பத்திரிக் கடிதம் வாசித்துச் சொல்லுவா. என்னைப் போல எழுத்துத் தெரியாதவர்களுக்கு மருந்துத் தாளில் படம் கீறித் தருவா. காலைக்குச் சூரியன், மத்தியானத்துக்குச் சோத்துப்பானை, இரவுக்கு நிலவு.

"மிசி, இது நிலவோ வாழைப்பழமோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"படுக்கமுதல் விழுங்கவேண்டியது, செல்லையா அண்ணை. நிலவெண்டு நினைச்சாலும் சரி, பழமெண்டு நினைச்சாலும் சரி." வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரிகளில் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்க்கவும் போவா. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெரிய வருத்தமென்றால் வருத்தக்காரனைத் தவிர மற்ற எல்லோருக்கும் சொல்லுவோம். என்னோடு வேலை செய்த ஒருவரைப் பார்க்க மிசியோடு நானும் போனபோது அவருடைய மகன்மார் இரண்டு பேரும் மிசியை வாசலில் மறித்தார்கள். "அன்ரி, டொக்டர் சொல்லுறதை அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ. சும்மா கட்டியெண்டு சொல்லுங்கோ." மிசி பையைத் தோளில் மாட்டினா. "உடம்புக்காரருக்குத் தெரியாமல் நான் உடம்பைப் பற்றிக் கதைக்கமாட்டன். அப்பிடி வேணுமெண்டால் வேறை ஆளைக் கூப்பிடுங்கோ." நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பொய் சொல்லாத ஒரு மனுசி எங்களுக்குள் இருக்கிறா என்று அன்று நினைத்தேன்.

வன்னியில் சண்டை எல்லாம் முடிந்த அடுத்த வருசம் என் மனுசி பரமேஸுக்கு வயிற்றில் நோ வந்தது. நான் அப்போது இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினேன். சீசன் காலத்தில் அங்கேயே தங்கி, லீவு நாளான திங்கட்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவேன். பரமேஸை மிசிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனா. சனிக்கிழமை வேலையிலிருந்து போன் எடுத்துக் கேட்டேன். மிசி சொன்னது இதுதான், ஒரு சொல் பிசகாது: "வயித்துப்புண் அண்ணை. மருந்தோடை மாறும். நீங்கள் வேலையை விட்டுப்போட்டு வராதேங்கோ."

நான் போகவில்லை. கோடை முழுக்க வெள்ளைக்காரன் தின்ற கோப்பையைக் கழுவினேன். திங்கட்கிழமைகளில் வந்து, மிசி கீறிக் கொடுத்த தாளைப் பார்த்து என் கையாலேயே குளிசை எடுத்துக் கொடுத்தேன். குழம்பில் உப்பில்லை என்று சத்தம் போட்டேன். அவளும் திருப்பிச் சத்தம் போட்டாள். ஐப்பசியில் அவள் செத்துப்போனாள்.

செத்தவீடு முடிந்து, ஆஸ்பத்திரிக் கடிதங்களைப் பிரித்த வாணி ஒரு தாளை இரண்டு தரம் வாசித்தாள். "அப்பா, புற்றுநோயெண்டு சித்திரையிலேயே சொல்லியிருக்கினம். அம்மா கையெழுத்து வைச்சிருக்கிறா. கீழை, மொழிபெயர்த்தவ எண்டு மிசியின்ரை கையெழுத்து."

அடுத்த சனிக்கிழமை மண்டபத்துக்குப் போனேன். வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கக் கேட்டேன். "உடம்புக்காரருக்கு மறைக்கமாட்டன் எண்டு சொன்ன வாய் எங்கை, மிசி?"

"பரமேஸுக்கு மறைக்கேல்லை. அவதான் உடம்புக்காரி. நீங்கள் இல்லை."

"பேசாமல் இருந்திருக்கலாமே. ஏன் வயித்துப்புண் எண்டனீங்கள்?"

"நான் பேசாமல் இருந்தால் உங்களுக்கு விளங்கியிருக்கும். உங்கடை காது அப்பிடி." பிரசர் மெசினின் குழாயைச் சுற்றியபடி சொன்னா. "திங்கட்கிழமை வந்து உப்புக்குச் சண்டை பிடிக்கிற மனுசன்தான் வேணும், பக்கத்திலை இருந்து அழுகிற ஆள் வேண்டாம் எண்டு என்ரை கையைப் பிடிச்சுக் கேட்டவ."

மன்னித்துக்கொள்ளுங்கோ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாகப்போகிறவளோடு நான் உப்புக்குச் சண்டை பிடித்திருக்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் தெரிந்துகொண்டே அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அதன் பிறகு ஒன்பது வருசம் அந்த மேசைப் பக்கம் நான் போகவில்லை. பிரசரை மருந்துக்கடையில் அளந்தேன்.

போன கார்த்திகையில் வீட்டு மணி அடித்தது. மிசி. பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறா. கதிரையில் இருந்து மூச்செடுத்துக்கொண்டு, "எனக்கும் பரமேஸின்ரை வருத்தம்தான், அண்ணை. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது" என்றா.

"என்னட்டை ஏன் வந்தனீங்கள்?"

"என்னோடை கோவமா இருக்கிற ஆள் நீங்கள் ஒருத்தர்தான். மற்றவை அழுவினம். நான் இருக்குமட்டும் வரிசை நடக்கவேணும். பஸ்தரிப்பிலையிருந்து மண்டபத்துக்கு ஒரு கை வேணும். வரேலாத நாளிலை கேட்கிற ஆட்களுக்கு ஒரு பதில் வேணும்."

ஏலாது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். "எத்தனை மணி பஸ்?" என்று கேட்டேன்.

மார்கழி, தை, மாசி. சனிக்கிழமைகளில் என் கையைப் பிடித்துத்தான் வந்தா. வராத நாளில் உங்களில் எத்தனையோ பேர் கேட்டீர்கள். முழங்கால் நோ என்றேன். இருபது வருசம் அவவின் மேசைக்குப் பக்கத்தில் உதவிக்கு நின்ற கலாவதி என்னை வெளியே கூட்டிப்போய்க் கேட்டாள். "அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. முழங்கால்தானோ?" பேசாமல் நின்றால் அவளுக்கு விளங்கிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. "ஓம் பிள்ளை. முழங்கால்தான்" என்றேன்.

செத்தவீட்டில் கலாவதி என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினாள். அந்த முகம் எனக்குப் புதிதில்லை. ஒன்பது வருசம் நான் வைத்திருந்த முகம். மிசி என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் உங்களிடம் கேட்கவில்லை. உடம்புக்காரி கேட்டா, நான் சொன்னேன். அது பொய்தான். அவ எனக்குச் சொன்னதும் பொய்தான். பரமேஸின் கடைசிக் கோடையை அவ எனக்குத் தரவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அவவிடமிருந்து என்னிடம் இருப்பது பரமேஸின் மருந்துத் தாள் ஒன்று. சூரியனும் பானையும் வாழைப்பழம் மாதிரி ஒரு நிலவும். ஒருநாள் கோபத்தில் இரண்டாகக் கிழித்தேன். எறியவில்லை. வாணி ஒட்டித் தந்தாள்.

கலாவதி, மேசை இனி உன்னுடையது. என்னோடு கோபமாக இரு. ஆனால் பிரசர் அளக்க நான் இனி மருந்துக்கடைக்குப் போகமாட்டேன். வாற சனிக்கிழமை வரிசையில் முதல் ஆளாகக் கையை நீட்டிக்கொண்டு இருப்பேன். ஒன்றும் கதைக்கவேண்டாம் பிள்ளை, அளந்துவிட்டால் போதும்.