உள்ளங்கையில் ஒரு வேலை

ஆரணியில் என் மூன்றரை மாத மகளோடு தடுப்பூசி வரிசையில் நின்றபோது அவரைப் பார்த்தேன். பட்டு நெய்பவர், சட்டையில் இழைகள் ஒட்டியிருந்தன. தோளில் கைக்குழந்தை. இடது உள்ளங்கையில் பேனாவால், ‘நூல் சுத்தணும்’ என்று எழுதியிருந்தார்.

என் செல்போனில் அன்றைக்குப் பதினோரு வேலைகள் எழுதி வைத்திருந்தேன்.

“ஒரே ஒரு வேலைதானா?” என்று கேட்டேன்.

“முன்ன நெறைய எழுதிகினு இருந்தேங்க. கொயந்த அழுதா, வேலை கெடுதேன்னு அதும்மேலயே கோவம் வந்திச்சு. இப்ப ஒண்ணு முடிஞ்சா போதும்னு வுட்டுட்டேன்.”

அதற்குள் நர்ஸ் கூப்பிட, அவர் உள்ளே போனார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மகளோடு படுத்துக்கொண்டேன். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். அன்று செய்யாமல் விட்ட வேலைகளில் ஒன்றுகூட நினைவில்லை. என் நெஞ்சின்மேல் அவள் தூங்கிய கனம் மட்டும் நினைவிருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் அவரையும் நினைத்துக்கொள்கிறேன்.