மாலக்கி தொடாத கால்

மாலக்கி டூமி எதையும் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பார். தேநீர்க் கெண்டி, அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டி, கோயில் வாசலில் யாராவது நீட்டும் கைக்குழந்தையின் நெற்றி, எல்லாவற்றுக்கும் புறங்கைதான். உள்ளங்கை தடித்துப்போய்விட்டது, அதற்குச் சூடு தெரியாது என்பார். முப்பத்தோரு வருஷமாக ஸ்கல்லியின் லாயத்தில் பந்தயக் குதிரைகளின் கால்களைத் தடவிப் பார்ப்பது அவர் வேலை.

காலை ஆறு மணிக்கு, தீவனம் வைக்குமுன் அது நடந்துவிட வேண்டும். முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக இறங்கும் நரம்பில் லேசான சூடு தட்டினாலும் அன்றைக்கு அந்தக் குதிரை வெளியே போகாது. முதலாளி கான் ஸ்கல்லியும் மாலக்கியும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். குதிரை டாக்டர் சொன்னால் ஸ்கல்லி யோசிப்பார். மாலக்கி சொன்னால் யோசிக்கவே மாட்டார்.

கடைசி ஒன்றரை வருஷம் நீங்கலாக அந்த வேலையில் மாலக்கிக்குப் பாதிதான். மறுபாதி அவர் மனைவி அஸம்ப்டாவுடையது. குதிரையின் இடப்பக்கம் இவர், வலப்பக்கம் அவர். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குனிவார்கள், ஒரே சமயத்தில் நிமிர்வார்கள். பேச்செல்லாம் குதிரையின் முதுகுக்கு மேலே நடக்கும்.

"இந்தப் பக்கம் சுத்தம்" என்பார் மாலக்கி.

"இங்கயும் சுத்தம். நீ போட்டிருக்கிற சட்டைதான் மூணு நாளா சுத்தமில்ல."

"குதிரைக்குத் தெரியுமா அது?"

"அது மூக்கப் பாரு, திருப்பிக்கிட்டு நிக்குது."

பதினைந்து வயதில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்ட பேச்சு இது. ஒரு நவம்பரில் அஸம்ப்டா போனார். மார்பில் கட்டி. அடக்கம் முடிந்த மறுநாளே மாலக்கி ஆறு மணிக்கு வந்து இரண்டு பக்கமும் தானே குனிந்தார். பக்கத்துக் குதிரையின் அறையில் லத்தி வாரிக்கொண்டே நான் பார்ப்பேன். இடது கால்களில் அவர் கை நின்று நிதானித்துப் போகும். வலப்பக்கம் வந்ததும் மேலிருந்து கீழே ஒரே வழிப்பு, அவ்வளவுதான். அடுத்தவர் அலமாரியைத் திறக்க நேர்ந்தவர் மாதிரி அந்தக் கை கூசும்.

அதற்கு மூன்று மாதம் கழித்து டஃபிக்குக் கால் போனது. டஃபி அஸம்ப்டாவின் கையில் பழகிய குதிரை. மூன்று வயதில் அதன் முதுகில் முதலில் ஏறியவரே அவர்தான். பிப்ரவரிப் பந்தயத்தில், கடைசிக்கு முந்தின வேலியைத் தாண்டி இறங்கும்போது இடது முன்கால் நரம்பு கிழிந்தது.

நான்கு மாதம் அறைக்குள்ளேயே நின்றது. அப்புறம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாலக்கி சாலையில் நடத்தினார், முதலில் பத்து நிமிஷம், பிறகு இருபது. அப்புறம் ஆள் ஏறி நடை, ஓட்டம், மேட்டில் ஓட்டம். இப்படிப் பதினைந்து மாதம். தினமும் அந்த இடது காலையே தடவித் தடவி, மாலக்கியின் பூட்ஸ் சத்தம் கேட்டாலே குதிரை தானாக அதைத் தூக்கிக் காட்டப் பழகிவிட்டது. "பிஷப் முத்தத்துக்கு மோதிரக் கைய நீட்டுறாரு பாரு" என்று ஸ்கல்லி சிரிப்பார்.

மே மாதம் தர்ல்ஸ் மைதானத்துப் பந்தயத்துக்கு டஃபியின் பெயரைக் கொடுத்த அன்று ஸ்கல்லி சிரிக்கவில்லை.

"மாலக்கி, இவ்வளவு நாள் நின்ன குதிரைக்கு வேகம் ஞாபகம் இருக்கும். காலுக்கு இருக்காது. வேலியில போச்சுன்னா அங்கயே பச்சைத் திரையச் சுத்திப் புடிச்சு சுட்டுருவாங்க."

"தெரியும்."

"உன் கை என்ன சொல்லுது?"

"ஆறு மாசமா சில்லுன்னு இருக்கு. அது அவ குதிரை, கான். திரைக்குள்ள விட்டுட்டுக் காலி வண்டியோட வரமாட்டேன். சந்தேகம் இருந்தா அனுப்பவே மாட்டேன்."

பந்தயத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று நான் ஐந்தரைக்கே வந்துவிட்டேன். வெளிச்சம் வந்திருந்தது. முற்றத்தில் வேறு யாருமில்லை. வழக்கமாக அந்த நேரத்தில் வைக்கோல் மெல்லும் சத்தம் கேட்கும். அன்று ஒரு குதிரையும் மெல்லவில்லை. டஃபியின் அறையை எட்டிப் பார்த்தேன். வலது முன்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

குதிரை தானாகக் காலைத் தூக்கினால் தரையைக் கீறும், உதறும், உடனே வைத்துவிடும். இது அசையவில்லை. முட்டி மடங்கி, குளம்பின் பாரமெல்லாம் ஒரு கையில் கிடப்பது போல் நின்றது. எனக்குப் பயம் வந்தால் எண்ணுவேன். நூறு வரை எண்ணினேன். அப்புறம் அந்தக் கால் மெல்ல மெல்ல இறங்கியது. நாங்கள் எல்லோரும் பாதியிலேயே கையை விட்டுவிடுவோம், குளம்பு தொப்பென்று விழும். இது சத்தமே இல்லாமல் வைக்கோலில் அமர்ந்தது. பிறகு டஃபியின் காது மட்டும் திரும்பியது, யாரோ பின்னங்காலுக்கு நகர்ந்து போவதைக் கேட்பது போல.

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மாலக்கி வந்தபோது அவரிடமும் வலது காலைத் தூக்கிக் காட்டியது. "அது இல்லடா, மத்தது" என்று தோளில் ஒரு தட்டு தட்டினார். அதற்கடுத்த நாளும் தட்டினார். ஒவ்வொரு நாளும் தட்டினார். நானும் ஒவ்வொரு நாளும் சொல்ல வாயெடுத்தேன். மனைவியை இழந்த மனிதரிடம் இதை எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை.

பந்தய நாள் காலை. குதிரை ஏற்றும் வண்டியின் பலகை இறக்கியாகிவிட்டது. மாலக்கி பயணத்துக்காகக் கால்களில் துணி சுற்றிக்கொண்டிருந்தார். டஃபி வலது காலைத் தூக்கியது. அவர் தட்டினார். அது இறக்கவில்லை. அதன் கண் மாலக்கியைப் பார்க்கவில்லை. அவருக்கு ஒரு முழம் தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தது.

"மாலக்கி."

"என்ன? சீப்பு எடுத்து வச்சியா?"

"ஒம்பது நாளா வலது காலத்தான் தூக்குறான்."

"நின்னு நின்னு புத்தி கெட்டுப்போச்சு இவனுக்கு."

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே தூக்குறான். யாரோ புடிச்சிருக்கிற மாதிரி. இறக்குறப்ப குளம்பு வைக்கோல்ல படுற வரைக்கும் விடாம..."

துணி சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. யார் என்று அவர் கேட்கவில்லை.

"எவ்வளவு நேரம் புடிச்சிருந்தா அவ?"

"நூறு எண்ணுற நேரம்."

"முப்பதுதான் எண்ணுவா" என்றார் மெதுவாக. "சந்தேகம் வந்தாத்தான் நூறு."

வலது காலின் துணியை அவிழ்த்தார். புறங்கையை வைத்தார், நரம்பின் மேல் முனையிலிருந்து அங்குலம் அங்குலமாக இறங்கினார். இரண்டு தடவை, மூன்று தடவை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சூடு இல்ல. ஒண்ணுமே இல்ல" என்று என்னிடம் சொன்னார்.

வண்டியருகிலிருந்து ஸ்கல்லி கத்தினார். "ஏப்பா, பொண்ணு அழைப்புக்கா சிங்காரிக்கிற? ஏத்து!"

"இவன் வரல, கான்."

ஸ்கல்லி வேகமாக வந்தார். "சூடா?"

மாலக்கி என்னை ஒரு தடவை பார்த்தார். "ஆமா. வலதுல."

எனக்குத் தெரிந்து அதுவரை அந்த மனிதர் குதிரைக் காலைப் பற்றிப் பொய் சொன்னதில்லை. ஸ்கல்லி குனிந்து தானும் தொட்டுப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"உனக்கு எப்பத் தெரிஞ்சிருக்கு?"

ஸ்கல்லி திட்டிக்கொண்டே ஃபோன் பண்ணப் போனார்.

மறுநாள் டாக்டர் கீனி வந்து, காலில் மயிரை மழித்து ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார். திரையில் நரம்பின் நட்டநடுவே பருப்பு அளவில் ஒரு கருப்புப் பொட்டு. "நல்ல கால்னு நெனச்சிட்டிருந்தீங்க, இது இத்தனை மாசமா ரெண்டு காலோட பாரத்தையும் சுமந்திருக்கு. முதல் ரெண்டு வேலியிலயே அறுந்திருக்கும். வெளிய சூடே இல்லயே, எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"கையில பட்டுச்சு" என்றார் மாலக்கி.

அந்த வாரம் முழுக்க மதுக்கடையில் அவர் கையைப் பற்றித்தான் பேச்சு. அதைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று கூட ஒருவன் கேட்டான். மாலக்கி அதை மேசைக்கடியிலேயே வைத்திருந்தார்.

மறுபடியும் அறை, கயிறு, பத்து நிமிஷ நடை. இந்தத் தடவை பதினேழு மாதம். மாலக்கி இப்போதெல்லாம் முதலில் வலப்பக்கம்தான் குனிந்தார், நேரம் எடுத்துக்கொண்டு, பழகாத கையோடு. ஐந்தரைக்கு வரும் நாட்களில் நான் வேண்டுமென்றே வாளிகளைத் தடதடவென்று வைத்தேன். டஃபியின் அறையை எட்டிப் பார்க்கவில்லை.

அக்டோபரில் பதினோரு வயதில் டஃபி தர்ல்ஸில் ஓடியது. கடைசி வேலி வரும்வரை மாலக்கி மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். ஒன்பது குதிரையில் ஐந்தாவது. நான்கு காலும் நன்றாக ஊன்றித் திரும்பி வந்தது. மாலக்கி அதன் கழுத்தில் முகத்தை வைத்து, வியர்வை ஆறும்வரை அப்படியே நின்றார்.

திரும்பும்போது வண்டியை நான் ஓட்டினேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். எங்கள் இருவருக்கும் நடுவே காலி இருக்கையில் என் கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தேன். அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அந்த நடு இருக்கையின் பெல்ட்டை இழுத்து, கவனமாக மாட்டினார்.

"மெதுவா ஓட்டு" என்றார்.